ஜான் ஆடம்ஸ்: உள்நாட்டு ஆட்சியும் குடும்ப வாழ்வும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜான் ஆடம்ஸ் எந்தச் சூழலில் அதிபரானார்?

அமெரிக்காவின் இரண்டாம் அதிபரான ஜான் ஆடம்ஸ், 1735 அக்டோபரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிரெயின்ட்ரீ என்ற ஊரில், இன்று குயின்சி என அழைக்கப்படும் பகுதியில் பிறந்தார். தந்தை உழவர், காலணி தைக்கும் தொழிலும் செய்தவர். மகன் ஹார்வர்டில் படித்து, வூஸ்டரில் சில காலம் பள்ளி ஆசிரியராக இருந்து, பிறகு வழக்கறிஞரானார். 1770இல் பாஸ்டனில் பொதுமக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடத்திய பிரிட்டிஷ் படைவீரர்களுக்காக, ஊரே பகைக்கும் என்று தெரிந்தும், நீதிமன்றத்தில் வாதாடினார். பின்னர் சுதந்திரப் போராட்டத்தின் முன்னணித் தலைவராகவும், ஐரோப்பாவில் தூதராகவும், வாஷிங்டனின்கீழ் எட்டு ஆண்டுகள் துணை அதிபராகவும் பணியாற்றினார்.

1796 தேர்தலில், அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழுவில் அவருக்கு 71 வாக்குகளும் தாமஸ் ஜெஃபர்சனுக்கு 68 வாக்குகளும் கிடைத்தன. அன்றைய விதிப்படி இரண்டாம் இடம் பெற்றவரே துணை அதிபர் என்பதால், எதிர்க்கட்சித் தலைவரையே துணைவராக வைத்துக்கொண்டு 1797 மார்ச் 4 அன்று அவர் பதவியேற்றார். அதைவிடப் பெரிய இடர் அமைச்சரவையில் இருந்தது. வாஷிங்டனின் அமைச்சர்களை அப்படியே நீடிக்க விட்டார். அவர்களுள் திமொத்தி பிக்கரிங், ஆலிவர் வொல்காட், ஜேம்ஸ் மெக்ஹென்றி ஆகிய மூவரும் அதிபரைவிட, எந்தப் பதவியிலும் இல்லாத முன்னாள் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் சொல்லுக்கே கட்டுப்பட்டவர்கள். இதை முழுமையாக உணர்ந்து, மெக்ஹென்றியை விலகச் செய்து பிக்கரிங்கை நீக்குவதற்குள் 1800ஆம் ஆண்டு மே மாதம் வந்துவிட்டது.

1798ஆம் ஆண்டின் அந்நியர் சட்டங்களும் அரசுநிந்தனைச் சட்டமும் எவை?

அவருடைய உள்நாட்டு ஆட்சியைப் பற்றிப் பேசுவோர் முதலில் எடுத்துக்கொள்வது இந்த நான்கு சட்டங்களைத்தான், அது நியாயமும்கூட. பிரான்ஸ் அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. பேச்சுவார்த்தைக்குச் சென்ற அமெரிக்கத் தூதர்களிடம் பிரெஞ்சு அரசின் இடைத்தரகர்கள் கையூட்டுக் கேட்ட செய்தி 1798 வசந்த காலத்தில் வெளியானதும் நாடு போர் மனநிலைக்குச் சென்றது. அந்தக் கொதிப்பில், நாடாளுமன்றமான காங்கிரஸில் பெரும்பான்மை பெற்றிருந்த, ஆடம்ஸின் கட்சியான ஃபெடரலிஸ்ட் கட்சியினர் ஜூன், ஜூலை மாதங்களில் இவற்றை நிறைவேற்றினர்.

முதல் சட்டம், குடியுரிமை பெறத் தேவையான வசிப்புக் காலத்தை 5 ஆண்டுகளிலிருந்து 14 ஆண்டுகளாக உயர்த்தியது. இரண்டாவது, ஆபத்தானவர் என்று அதிபர் கருதும் எந்த வெளிநாட்டவரையும் விசாரணையின்றி நாடு கடத்த அவருக்கு அதிகாரம் தந்தது. மூன்றாவது, போர்க்காலத்தில் பகை நாட்டின் குடிமக்களைப் பற்றியது. நான்காவதான அரசுநிந்தனைச் சட்டம், அரசையோ காங்கிரஸையோ அதிபரையோ இழிவுபடுத்தும் நோக்கில் பொய்யும் அவதூறும் எழுதுவோருக்கு 2,000 டாலர் வரை அபராதமும் இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் விதித்தது. பாதுகாக்கப்பட்டோர் பட்டியலில் துணை அதிபர் இல்லை. ஜெஃபர்சனை யார் எப்படித் திட்டினாலும் குற்றமில்லை. சட்டம் யாரைக் குறிவைத்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆடம்ஸ் இவற்றைக் கேட்டு வாங்கவில்லை. ஆனால் கையெழுத்திட்டார், அரசுநிந்தனைச் சட்டத்தின்கீழ் வழக்குகள் நடப்பதையும் ஆதரித்தார். நாடு கடத்தும் அதிகாரத்தை ஒருவர்மீதும் நிறைவேற்றவில்லை என்பதை அவருக்குச் சாதகமாகச் சொல்லலாம். எனினும் தம் கட்சியின் செயல் என்று காரணம் காட்டிப் பொறுப்பிலிருந்து அவரை விடுவிக்க முடியாது. பத்திரிகைச் சுதந்திரத்தைத் தாமே எழுதிய 1780ஆம் ஆண்டின் மாசசூசெட்ஸ் அரசியலமைப்பில் இடம்பெறச் செய்தவர் அவர்; அறியாமல் செய்தார் என்று அவரைப் பற்றிச் சொல்ல வழியில்லை.

இந்தச் சட்டத்தால் யார் தண்டிக்கப்பட்டனர்?

பெரும்பாலும் எதிர்க்கட்சிப் பத்திரிகையாளர்களே. வெர்மான்ட்டின் காங்கிரஸ் உறுப்பினர் மாத்யூ லயன், அதிபரின் ஆடம்பர மோகத்தைத் தாக்கி எழுதியதற்காக நான்கு மாதச் சிறையும் 1,000 டாலர் அபராதமும் பெற்றார். சிறையில் இருந்தபடியே அவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தாமஸ் கூப்பர் ஆறு மாதமும், ஜேம்ஸ் காலெண்டர் ஒன்பது மாதமும் சிறை சென்றனர்.

அரசியலில் எந்த இடமும் இல்லாத லூதர் பால்ட்வின் என்பவரின் வழக்கு, சட்டம் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதைக் காட்டுகிறது. 1798 கோடையில் அதிபர் நியூஜெர்சியின் நுவார்க் நகர் வழியே ஊர் திரும்பும்போது பீரங்கி முழங்கி மரியாதை செலுத்தினர். குடித்திருந்த பால்ட்வின், குண்டு அதிபரின் பின்புறத்தில் பாய்ந்தாலும் தமக்குக் கவலையில்லை என்று சொல்லிவிட்டார். அதற்காக அவர்மீது அரசுநிந்தனை வழக்குப் போடப்பட்டு அபராதம் விதிக்கப்பட்டது.

அரசுநிந்தனைச் சட்டத்தில் அதிபரின் மனைவி அபிகெயில் ஆடம்ஸுக்குப் பங்கு உண்டா?

சட்டத்தை எழுதியதில் பங்கில்லை. ஆனால் அவ்வீட்டில் அதற்கான ஆதரவு எவ்வளவு உறுதியாக இருந்தது என்பதை அபிகெயிலின் கடிதங்கள் காட்டுகின்றன. பெஞ்சமின் பிராங்க்ளினின் பேரனான பெஞ்சமின் பிராங்க்ளின் பாச், பிலடெல்ஃபியாவில் ‘அரோரா’ என்ற நாளிதழை நடத்தி வந்தார். கிழவர், சிடுசிடுப்பவர், வழுக்கைத் தலையர், குருடர், முடவர், பல்லில்லாதவர் என்றெல்லாம் அதிபரை ஏசிய வரிகளை, அபிகெயில் 1798 ஏப்ரலில் தம் அக்காள் மேரி கிரான்ச்சுக்குக் கடிதத்தில் எடுத்தெழுதிக் குமுறினார். இத்தகைய எழுத்தை அடக்கச் சட்டம் வேண்டும் என்பது அவருடைய வெளிப்படையான எண்ணம். சட்டம் வருவதற்கு முன்பே பாச் கைதானார். வழக்கு விசாரணைக்கு வருமுன் அந்தச் செப்டம்பரில் மஞ்சள் காய்ச்சலால் இறந்துபோனார்.

கணவரின் கொள்கைகளில் அபிகெயிலின் மென்மை கலந்திருந்தது என்று பொதுவாக எழுதுவது வழக்கம். இந்த விஷயத்தில் நிலைமை நேர்மாறானது. கணவர்மீது விழுந்த ஒவ்வொரு சொல்லும் அவரைச் சுட்டது; இருவருமே தாக்கப்பட்டவர்களாக உணர்ந்த ஒரு வீட்டில், வேண்டாம் என்று சொல்ல ஆளில்லாமல் போயிற்று.

1798ஆம் ஆண்டின் நேரடி வரி என்ன? ஃபிரைஸ் கலகம் ஏன் நடந்தது?

பிரான்சுடன் போர் மூண்டால் செலவுக்குப் பணம் வேண்டும் என்று வீடு, நிலம், அடிமைகள் ஆகியவற்றின்மீது மொத்தம் 20 இலட்சம் டாலர் திரட்டக் காங்கிரஸ் முடிவு செய்தது. கூட்டாட்சி அரசு மக்களிடம் நேரடியாக வாங்கிய முதல் வரி இதுவே. மதிப்பீட்டாளர்கள் வீடு வீடாகச் சென்று சன்னல்களை எண்ணி, கண்ணாடிகளை அளந்து குறித்துக்கொண்டனர். கிழக்குப் பென்சில்வேனியாவின் ஜெர்மன் மொழி பேசும் உழவர்களுக்கு இது தாங்கள் விட்டுவந்த நாட்டின் அரசர்களை நினைவூட்டியது. சில வீடுகளில் பெண்கள் மாடியிலிருந்து மதிப்பீட்டாளர்களின் தலையில் வெந்நீரை ஊற்றினர்.

அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஜான் ஃபிரைஸ், ஊர் ஊராகச் சென்று ஏலம் விடுபவர். விஸ்கி என்று பெயரிட்ட சிறு நாயோடு சுற்றிவந்தவர் என்பதால் சுற்றுவட்டாரம் முழுதும் அவரை அறியும். சுதந்திரப் போரில் பணியாற்றியவர். 1794இல் இன்னொரு வரிக் கலகத்தை அடக்கச் சென்ற குடிப்படையிலும் இருந்தவர். 1799 மார்ச்சில் அவரும் ஆயுதம் தாங்கிய ஊரார் பலரும் பென்சில்வேனியாவின் பெத்லகேம் நகருக்குச் சென்று, வரி எதிர்ப்புக்காகப் பிடித்து வைக்கப்பட்டிருந்தவர்களை விடுவிக்கச் செய்தனர். ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை, யாரும் சாகவில்லை. அரசோ படையை அனுப்பியது. ஃபிரைஸும் வேறு இருவரும் தேசத்துரோகக் குற்றத்துக்காகத் தூக்குத் தண்டனை பெற்றனர்.

ஆடம்ஸ் அவர்களை ஏன் மன்னித்தார்?

அவருடைய ஆட்சியிலேயே மிகச் சிறந்த முடிவு இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். ஃபிரைஸாவது தூக்கில் தொங்க வேண்டும் என்று அமைச்சர்கள் கருதினர். ஆடம்ஸ் அவர்களின் கருத்தைக் கேட்டபின், எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களின் சட்ட வாதங்களையும் வரவழைத்துத் தாமே படித்தார். அரசுக்கு எதிராகப் போர் தொடுப்பதே துரோகம் என்கிறது அரசியலமைப்பு. இவர்கள் செய்தது கலவரம், போர் அன்று என்ற முடிவுக்கு வந்தார். தூக்குக்குக் குறித்த நாளுக்கு இரண்டு நாள் முன்னர், 1800 மே 21 அன்று, அனைவருக்கும் பொது மன்னிப்பு வழங்கினார். தேர்தல் ஆண்டில் இது சொந்தக் கட்சியின் ஒரு பிரிவையே அவருக்கு எதிராகத் திருப்பியது. ஹாமில்டன் பின்னர் அவரைத் தாக்கி வெளியிட்ட துண்டுப் பிரசுரத்தில் இந்த மன்னிப்பும் ஒரு குற்றச்சாட்டு.

சட்டநூலை விரித்துப் படிக்கும் பொறுமை இருந்தபோதெல்லாம் ஆடம்ஸ் நீதியாக நடந்தார். தன்மானம் புண்பட்டபோது அந்தப் பொறுமை அவரிடம் இல்லை. மேலே சொன்ன பத்திரிகையாளர்களுக்கும், கீழே வரும் அவருடைய மகனுக்கும் அது கிடைக்கவில்லை.

அவருடைய ஆட்சியில் உருவான நிறுவனங்கள் எவை?

1798 ஏப்ரலில் கடற்படைக்குத் தனி அமைச்சகம் ஏற்பட்டது. பெஞ்சமின் ஸ்டாடர்ட் அதன் முதல் செயலர். அதே ஆண்டு ஜூலையில், கப்பல் தொழிலாளர்களின் ஊதியத்தில் மாதம் 20 சென்ட் பிடித்தம் செய்து, நோயுற்ற மாலுமிகளுக்கு மருத்துவம் அளிக்கும் சட்டம் வந்தது; அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறை தன் தொடக்கத்தை அங்கேதான் காண்கிறது. 1800 ஏப்ரலில் 5,000 டாலர் ஒதுக்கீட்டில் காங்கிரஸ் நூலகம் தொடங்கியது.

அபிகெயிலுடன் அவருடைய திருமண வாழ்வு எப்படி இருந்தது?

வெய்மத் ஊர் மதகுருவின் மகளான அபிகெயில் ஸ்மித்தை 1764 அக்டோபரில் மணந்தார். மணமகளுக்கு அப்போது 20 வயது நிறையவில்லை. அவர் பள்ளிக்கே அனுப்பப்படாதவர். தந்தையின் நூலகத்திலும் தாத்தா வீட்டிலும் படித்துத் தேறியவர். அரசியல் பணி கணவரை மாதக்கணக்கிலும் பின்னர் ஆண்டுக்கணக்கிலும் பிரித்து வைத்ததால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் இருவருக்கும் இடையே எழுதப்பட்டு இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன. புதிய சட்டங்களை இயற்றும்போது பெண்களை மறந்துவிட வேண்டாம் என்று அவர் 1776 மார்ச் 31 அன்று எழுதியது அவற்றுள் மிகவும் அறியப்பட்டது. கணவர் அதைச் சிரித்தே தட்டிக் கழித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

அதே ஆண்டுக் கோடையில், கணவர் பிலடெல்ஃபியாவில் சுதந்திரப் பிரகடனத்துக்காகப் போராடிக்கொண்டிருக்க, அபிகெயில் தனியாக நான்கு குழந்தைகளையும் பாஸ்டனுக்கு அழைத்துச் சென்று பெரியம்மைக்கு எதிரான அம்மை குத்தலுக்குத் தாமும் உட்பட்டு அவர்களையும் உட்படுத்தினார். அன்றைய முறையில் நோய்க் கிருமியையே உடலில் ஏற்றுவார்கள். உயிருக்கும் ஆபத்து உண்டு. அந்த முடிவின் சுமை முழுதும் அவர் தோளில் இருந்தது.

குடும்பத்தின் பணப் பொறுப்பை யார் பார்த்தார்?

பெரும்பாலும் அபிகெயில்தான். பண்ணையை நடத்தினார், போர்க்காலத்தில் கணவர் ஐரோப்பாவிலிருந்து அனுப்பிய கைக்குட்டை, ஊசி, துணி வகைகளை விற்று வீட்டுச் செலவைச் சமாளித்தார். கணவருக்கு நிலத்தின்மீதே ஆசை. மனைவி அரசுக் கடன் பத்திரங்களே இலாபம் என்று கணக்கிட்டு வாங்கினார், அதுவே சரியாகவும் இருந்தது. மணமான பெண்ணுக்குச் சட்டப்படி சொந்தச் சொத்து இல்லாத காலத்தில் அவர் இதைச் செய்தார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1803இல் லண்டன் வங்கி ஒன்று முறிந்து அவர்களுடைய சேமிப்பில் பெரும்பகுதி போனபோது, மூத்த மகன் ஜான் குயின்சி தம் சொத்துகளை விற்றுப் பெற்றோரைக் காப்பாற்றினார்.

அடிமை முறை பற்றி அவர்களின் நிலை என்ன?

ஆடம்ஸ் வாழ்நாளில் ஒருவரையும் அடிமையாக வைத்திருக்கவில்லை; கூலிக்கே ஆள் வைத்தார். முதல் ஐந்து அதிபர்களுள் அப்படிச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவரே. ஆனால் அதிபராக அவர் அடிமை முறைக்கு எதிராக எதையும் முன்னெடுக்கவில்லை; 1798இல் அடிமை முறையை அனுமதித்தே மிசிசிப்பி ஆட்சிப்பகுதியை அமைத்த சட்டத்திலும் கையெழுத்திட்டார். தனி வாழ்வின் தூய்மை அரசாங்கக் கொள்கையாக மாறவில்லை.

அபிகெயில் வளர்ந்த வீட்டில் அடிமைகள் இருந்தனர். எனினும் 1797 பிப்ரவரியில், கணவர் பதவியேற்கச் சில வாரங்களே இருக்கையில், குயின்சியில் நடந்த ஒரு நிகழ்ச்சியை அவர் கணவருக்கு எழுதியிருக்கிறார். வீட்டில் வேலை செய்த ஜேம்ஸ் என்ற கறுப்பினச் சிறுவனை மாலைப் பள்ளிக்கு அனுப்பினார். அண்டை வீட்டார் ஒருவர் வந்து, ஜேம்ஸ் தொடர்ந்து வந்தால் மற்றப் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள், பள்ளியே மூடப்படும் என்றார். அபிகெயில், அவனும் மற்ற இளைஞர்களைப் போலச் சுதந்திரமானவன்தானே, முகம் கறுப்பு என்பதற்காக அவனுக்குக் கல்வியை மறுப்பதா, பிறகு அவன் எப்படிப் பிழைப்பான் என்று கேட்டார். தம் வரவேற்பறையிலேயே அவனை உட்காரவைத்து எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்ததைத் தாம் இழிவாக நினைக்கவில்லை என்றும் சொன்னார். எதிர்த்தவர்களைத் தம்மிடமே அனுப்புமாறு கூறியதும் எதிர்ப்பு அடங்கிவிட்டது.

பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களின் வாழ்வு எப்படி அமைந்தது?

ஆறு பேர் பிறந்தனர். சூசன்னா இரண்டு வயது நிறைவதற்குள் இறந்தாள். 1777இல் ஒரு பெண் குழந்தை இறந்தே பிறந்தது. நாபி என்று அழைக்கப்பட்ட மூத்த மகள் அபிகெயில், ஜான் குயின்சி, சார்ல்ஸ், தாமஸ் ஆகிய நால்வர் வளர்ந்தனர்.

ஜான் குயின்சி பத்து வயதில் தந்தையுடன் கடல் கடந்தவர். 1797இல் தந்தை அவரைப் பிரஷ்யாவுக்குத் தூதராக அனுப்பியபோது உறவினருக்குப் பதவி என்ற குறை எழும் என்று இருவருமே தயங்கினர். மகன் என்பதற்காகத் தகுதியுள்ளவரைத் தடுக்கலாகாது என்று வாஷிங்டன் முன்னரே எழுதியிருந்தார். அவர் 1825இல் நாட்டின் ஆறாம் அதிபரானார்.

நாபியின் கணவர் வில்லியம் ஸ்டீஃபன்ஸ் ஸ்மித் நிலச் சூதாட்டத்தில் கடனாளியானவர். மாமனார் அவருக்கு 1798இல் படையில் உயர் பதவி தர முயன்றபோது, சொந்த அமைச்சரான பிக்கரிங்கே செனட் உறுப்பினர்களிடம் பேசி அதைத் தோற்கடித்தார். நாபிக்குப் பின்னாளில் மார்பகப் புற்றுநோய் வந்தது. 1811 அக்டோபரில் பெற்றோர் வீட்டில், மயக்க மருந்து இல்லாத அக்காலத்தில், அறுவைச் சிகிச்சை நடந்தது. நோய் திரும்பியது. கணவர் வீட்டிலிருந்து முந்நூறு மைல் வண்டியில் பயணம் செய்து தாய்வீடு வந்து, 1813 ஆகஸ்ட்டில் அங்கேயே இறந்தார்.

சார்ல்ஸுக்கும் தந்தைக்கும் இடையே நடந்தது என்ன?

எல்லோருக்கும் பிடித்த, எளிதில் கலங்கும் பிள்ளை அவர். 1779இல் ஒன்பது வயதில் தந்தையுடன் ஐரோப்பா சென்று, வீட்டு ஏக்கம் தாங்காமல் தனியே திரும்பி வந்தார். நியூயார்க்கில் வழக்கறிஞரானார், மணந்து இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தந்தையானார். பிறகு குடி அவரை விழுங்கியது. அண்ணன் முதலீடு செய்யக் கொடுத்திருந்த பணமும் அவர் கையில் கரைந்தது.

1799 அக்டோபரில், மஞ்சள் காய்ச்சலுக்கு அஞ்சி அரசு தற்காலிகமாக இடம்பெயர்ந்திருந்த ட்ரெண்டனுக்குச் செல்லும் வழியில், சார்ல்ஸின் மனைவி சாலியின் வாயிலாக ஆடம்ஸ் முழு உண்மையையும் அறிந்தார். விவிலியத்தில் தந்தையை எதிர்த்துக் கலகம் செய்த, தாவீது அரசனின் மகன் அப்சலோமிடமாவது கொஞ்சம் துணிவும் முயற்சியும் இருந்தன, என் மகன் வெறும் விலங்கு, அவனை நான் கைவிட்டேன் என்று மனைவிக்கு எழுதினார். மறு ஆண்டு புதிய தலைநகரான வாஷிங்டனுக்குச் செல்லும்போது மகனைப் பார்க்கவில்லை. பின்தொடர்ந்து சென்ற அபிகெயில் நியூயார்க்கில் நின்று, சாகும் தறுவாயில் கிடந்த மகனைப் பார்த்தார். பேத்தி சூசன்னாவைத் தம்முடன் அழைத்துக்கொண்டார். 1800 நவம்பர் 30 அன்று 30 வயதில் சார்ல்ஸ் இறந்தார்.

ஆயுதத்தோடு வந்த ஃபிரைஸின் தரப்பை வரவழைத்துப் படித்த அதே ஆண்டில், சொந்த மகனின் தரப்பை அவர் கேட்கவில்லை. இதை எழுதுவது அவரை இழிவுபடுத்துவதற்கு அன்று. பதவி இறங்கிய அதே மார்ச் மாதத்தில், தம்மைத் தோற்கடித்த ஜெஃபர்சனுக்கு எழுதிய சிறு கடிதத்தில், ஒரு காலத்தில் தம் கண்ணுக்கு மகிழ்ச்சியாகவும் நெஞ்சுக்கு இனியவனாகவும் இருந்த மகன் என்று சார்ல்ஸைக் குறிப்பிட்டிருக்கிறார். துயரம் அவருக்குள் முழுதாக இருந்தது. மன்னிப்புதான் காலத்தில் வரவில்லை.

வெள்ளை மாளிகையில் அவர்களின் வாழ்க்கை எப்படி இருந்தது?

1800 நவம்பர் 1 அன்று ஆடம்ஸ் அங்கே குடிபுகுந்தார். இரண்டு வாரங்கள் கழித்து, காட்டு வழியில் திசை தவறி அலைந்து அபிகெயில் வந்து சேர்ந்தார். ஓர் அறைகூட முழுதாக முடிந்திருக்கவில்லை. பணியாளரை அழைக்க மணி இல்லை. சுற்றிலும் காடாக இருந்தும் விறகு வெட்டித் தர ஆள் கிடைக்கவில்லை. சுவர் ஈரம் காய எல்லா அறைகளிலும் கணப்பு எரிய வேண்டியிருந்தது. இன்று அரசு விழாக்கள் நடக்கும் கிழக்கு அறையில் அவர் துணி காயப்போட்டார். இந்தக் குறைகளை எல்லாம் வெளியில் சொல்லாதே என்று நாபிக்கு எழுதினார். சன்னல் வழியே, அரை வயிற்றுக்கு உண்டு, உடுக்கத் துணியில்லாத அடிமைகள் மண் அள்ளிக் கொட்டுவதையும் கண்டு எழுதிவைத்தார். இவ்வீட்டில் அவர்கள் வாழ்ந்தது நான்கு மாதங்கள். மகனின் சாவுச் செய்தியும் தேர்தல் தோல்வியும் இங்கேதான் வந்தன.

பதவியின் கடைசி நாட்களில் அவர் என்ன செய்தார்?

1800 தேர்தலில் ஜெஃபர்சனும் அவர் கட்சியின் ஏரன் பர்ரும் தலா 73 வாக்குகள் பெற, ஆடம்ஸுக்கு 65 கிடைத்தன. 1801 ஜனவரியில் ஜான் மார்ஷலை உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக முன்மொழிந்தார். மார்ஷல் 34 ஆண்டுகள் அப்பதவியில் இருந்து அந்நீதிமன்றத்துக்கு அதன் இன்றைய வலிமையைத் தந்தார். பிப்ரவரியில் வந்த சட்டத்தின்படி புதிய நீதிபதிப் பதவிகளைத் தம் கட்சியினரைக் கொண்டு நிரப்பியது தோற்றவர் செய்யத்தக்க செயலன்று என்று ஜெஃபர்சன் நெடுங்காலம் மனக்கசப்புக் கொண்டார். மார்ச் 4 விடியுமுன் நான்கு மணிக்கு, அடுத்தவரின் பதவியேற்பைப் பார்க்காமல், பொது வண்டியில் ஊருக்குப் புறப்பட்டுவிட்டார். 1812இல் நண்பர் பெஞ்சமின் ரஷ் முயன்று இருவரையும் மீண்டும் கடிதத்தால் இணைத்தார்.

அந்தச் சட்டங்களுக்கும் தண்டனை பெற்றவர்களுக்கும் பின்னர் என்ன ஆயிற்று?

அரசுநிந்தனைச் சட்டம் 1801 மார்ச் 3 அன்று, ஆடம்ஸின் பதவிக் காலத்தோடு காலாவதியாகும்படியே எழுதப்பட்டிருந்தது. ஜெஃபர்சன் தண்டனை பெற்றவர்களை மன்னித்தார். குடியுரிமைக்கான காலம் 1802இல் மீண்டும் 5 ஆண்டுகளாயிற்று. பகை நாட்டவர் பற்றிய சட்டம் மட்டும் நீக்கப்படவே இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய, ஜெர்மானிய, இத்தாலியக் குடிமக்களைச் சிறைவைக்கப் பயன்பட்டது, இன்றும் நடப்பில் உள்ளது. மாத்யூ லயன் கட்டிய அபராதத்தை அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1840இல், காங்கிரஸ் வட்டியோடு அவருடைய வாரிசுகளுக்குத் திருப்பிக் கொடுத்தது.